ஊற்றாத வெந்நீர்

"ஏனுங்க்கா, உங்கூட்டுச் செடி எம்மருமவளப் பாத்துப் படமெடுக்குதுங்க்கா. வேரோட புடுங்கிப் போட்டுருங்க."

இதுதான் துளசிமணி சொன்னது. ஒரு எழுத்து நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. காலை ஏழரை மணிக்கு, வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, மதிலுக்கு மேல் தலையை நீட்டிச் செடி படமெடுக்கிறது என்கிறாள். நான் என்ன சொல்லவேண்டும்? "ஒரு மகுடி வாங்கிக் குடு துளசி, ஊதி விடறேன்" என்றேன். அதற்குக் கோபம். கோபித்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வருடமாக அதற்கு ஆணியடித்துக்கொண்டே இருக்கிறார், வாயால். இதில் உட்காருங்கள். துளசிமணி வீட்டார் வர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த. எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் இரண்டு வேன் வந்து நின்றது, பட்டுப்புடவைகள் ஏறின, நானே தெரிந்துகொண்டேன். நீங்கள் அவிநாசியிலிருந்து வருகிறீர்கள், மலைப்பாதையில் லாரி சிக்கிக்கொண்டு பஸ் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது, வந்து பார்த்தால் பூட்டின வீடு. வேறு போக்கிடம் இல்லாமல் என் படியேறினீர்கள். துளசிமணிக்கு நீங்கள் நாத்தனார் முறையா? ஒன்றுவிட்ட நாத்தனார். சரி. அப்படியானால் பக்கத்து வீட்டு இந்துமதியைப் பற்றி உங்களுக்கு வேண்டியமட்டும் சொல்லியிருப்பாள். இல்லையா? ஒன்றுமே சொல்லவில்லையா?

ஒன்றுமே இல்லையா?

சரி, நான் சொல்லுகிறேன். அவள் சொன்னால் அழுதுகொண்டே சொல்லுவாள், பாதி புரியாது. நான் கான்வென்டில் படித்தவள். ஆரம்பித்தால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நேராகச் சொல்லுவேன்.

இந்தத் தோட்டத்தைப் பார்க்கிறீர்களே, இதற்குள் வெயில் எத்தனை மணிக்கு வரும் தெரியுமா? பதினொன்றுக்கு. பதினொன்றரைக்குப் போய்விடும், ஏதோ ஆபீசுக்கு லேட்டான மாதிரி. பின்னால் அந்த மூன்று மரங்களும் எஸ்டேட்டுக்குச் சொந்தம், கிளையைத் தொட்டாலும் நோட்டீஸ் வரும். கோத்தகிரியில் வீடு இருக்கிறது என்றால் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ரோஜா எத்தனை நிறம் என்றுதான் கேட்பார்கள். எனக்கு ரோஜா கால் ஆள் உயரம் வளரும், ஒரு மொட்டு விடும், அதையும் பூஞ்சை தின்னும். தோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். நான்கு பெண்மணிகள் குளிர்கண்ணாடியோடு வந்தார்கள். இந்த நிழலில் எதற்குக் குளிர்கண்ணாடி? சுற்றிப் பார்த்துவிட்டு "நீங்க ஃபெர்ன் ட்ரை பண்ணலாமே" என்றார்கள். ஃபெர்ன்! சாக்கடை ஓரத்தில் தானே முளைக்கிற சாமான். அதை நான் வேறு ட்ரை பண்ணவேண்டுமா?

அப்போதுதான் அந்தக் கிழங்கு கிடைத்தது. போன வருடம் மார்ச்சில். எஸ்டேட் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஜேசிபி வந்து மரத்தடி மேட்டையெல்லாம் சுரண்டிப்போட்டிருந்தது. நாங்கள் சாயங்காலம் நடக்கப்போனோம். நாங்கள் என்றால் நானும் துளசிமணியும். பத்தொன்பது வருடமாக அவளோடுதான் நடை. வேறு யார் இருக்கிறார்கள் இங்கே? எங்கள் வீட்டுக்காரர் கேட் வரைக்கும் நடந்துவிட்டு நாடித்துடிப்பு பார்ப்பார். மண்ணோடு மண்ணாக ரோட்டில் உருண்டுகிடந்தது, சேப்பங்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் பிறந்த பிள்ளை மாதிரி. ஒன்பது. "காட்டுக் கெழங்குங்க்கா, கை சொறியும், வேண்டாமுங்க" என்றாள். வேண்டாம் என்று சொன்னவள்தான் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதில் பொறுக்கிப் போட்டாள். வீட்டுக்கு வருவதற்குள் இருவருக்கும் கை எரிச்சல். புளியைக் கரைத்து என் கையில் முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு தன் கையில் தேய்த்துக்கொண்டாள். சொல்லவேண்டிய விஷயம் அது இல்லை. கிழங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவர் அதைப் போட்டோ எடுத்து, விவசாயக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நண்பருக்கு அனுப்பினார். அவர் கோப்ரா லில்லி மாதிரி தெரிகிறது என்றார். வெயில் ஆகாதாம். மரத்தடி நிழல்தான் வேண்டுமாம். மக்கின இலையில் வைத்தால் போதுமாம். கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்! என் தோட்டத்துக்காகவே படைத்த மாதிரி ஒரு ஜீவன். இன்னொன்றும் சொன்னார். கிழங்கு சிறிதாக இருக்கும்போது ஆண் பூ பூக்குமாம். நன்றாகத் தின்று தடித்தால் பெண் பூ. மறுபடி இளைத்தால் மறுபடி ஆண். இதைத் துளசிமணியிடம் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கேலிக்குச் சொன்னதற்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவளிடம் என்ன பேசுவது?

ஜூன் மழைக்கு முளைத்தது. ஒன்பதில் ஏழு. நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தண்டு முழுக்கக் கட்டுவிரியன் தோல் மாதிரி புள்ளி. உச்சியில் ஒரே இலை, குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் விரிந்து. அதற்குக் கீழே பூ. பூ என்று சொல்லக்கூடாது, குழல் மாதிரி எழும்பி முன்பக்கம் கவிழ்ந்து, பச்சையும் ஊதாவுமாகக் கோடு போட்ட படம். நுனியில் நீளமாக ஒரு வால் தொங்கும். காற்றடித்தால் ஏழும் ஒன்றாக ஆடும். இந்த ஊரில் எவள் வீட்டில் இருக்கிறது? ஃபெர்ன் ட்ரை பண்ணச் சொன்னவர்கள் வீட்டில் இருக்கிறதா?

அதற்குத்தான் துளசிமணி, படமெடுக்கிறது, பிடுங்கு என்கிறாள். மருமகள் மேகலாவுக்கு அப்போது நான்காம் மாதம். ஏற்கெனவே இரண்டு தடவை தங்கவில்லை, ஆகவே இந்தத் தடவை வீட்டில் எல்லாரும் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, புரிகிறது. ஆனால் அந்தப் பெண் பயந்தாளா? அதுதான் இல்லை. சாயங்காலமானால் இந்தப் பக்கம் வந்து செடியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போவாள். பயந்தவள் மாமியார். ராத்திரி கனவில் ஏழு தலையோடு வந்ததாம். "கனவுல வந்தா வாடகை கேளு" என்றேன்.

அவள் சும்மா இருந்தாளா? கீழ்த்தெருவில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் பாலும் முட்டையும் மஞ்சளுமாக கேட்டில் வந்து நிற்கிறார்கள். "நாகம்மா இங்க வந்திருக்காங்களாமே?" இங்கே இந்துமதியம்மாதான் இருக்கிறாள், அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அனுப்பினேன். கிழங்குக்கு மேல் பாலை ஊற்றினால் அழுகாதா? படிப்பு வேண்டாம், மூக்கு இருந்தால் போதும் இதைத் தெரிந்துகொள்ள.

இதற்கப்புறம்தான் அவள் சொன்னாள், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "நீங்க புடுங்கலைன்னா நானே பாய்லர்ல வெந்நி காய வெச்சுக் கொண்டாந்து ஊத்திருவனுங்க்கா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே செய்கிறவர்கள் உலகத்தில் இல்லையா? அவர்கள் பாய்லர் எங்கே இருக்கிறது, நீங்களே எழுந்து பாருங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம், ஆறு அடி. மதிலில் அதோ ஒரு சின்னக் கதவு தெரிகிறதா? அது எப்போதும் திறந்துதான் கிடக்கும். கிடந்தது.

அக்டோபரில் ஒரு வாரத்தில் ஏழும் விழுந்தது. ஒவ்வொன்றாகக்கூட இல்லை, எல்லாம் சேர்ந்து. இலை மஞ்சளாகி, தண்டு அடியில் கூழாகி, திங்கட்கிழமை நின்றது வெள்ளிக்கிழமை தரையில் படுத்துவிட்டது. தொட்டால் வழவழவென்று கையோடு வருகிறது. சுற்றி மண் ஈரம். அது ஐப்பசி மழை என்கிறார் இவர். ஐப்பசி மழை என்பது எனக்குத் தெரியாதா? "கிழங்கு வகையில்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றும் சொன்னார். இவருக்குக் கிழங்கைப் பற்றி என்ன தெரியும்? வறுத்துத் தட்டில் வைத்தால் தின்னத் தெரியும். நான் யோசித்துப் பார்த்தேன். யார் ஊற்றுவேன் என்று சொன்னாள்? யார் வீட்டில் பாய்லர்? யார் வந்துபோக வழி இருக்கிறது? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மேகலாவுக்கு வளைகாப்பு. முதல் வளையல் நான்தான் போடவேண்டும் என்று துளசிமணி ஒரு மாதம் முன்பே வந்து சொல்லியிருந்தாள், பத்தொன்பது வருடமாக அவளுக்கு மூத்தவள் ஸ்தானத்தில் நான் இருக்கிறேனாம். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு போனேன். கூடம் நிறையப் பெண்கள். நடுவில் மணையில் அந்தப் பெண், கழுத்து நிறைய மாலை. துளசிமணி சந்தனக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்து, "வாங்க்கா, உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்று வாயெல்லாம் பல்லாக வருகிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றைப் பேசுவது எங்கள் கான்வென்டில் கிடையாது. கேட்கவேண்டியதை எழுந்து நின்று சத்தமாகக் கேட்கவேண்டும்.

கேட்டேன். "சந்தனம் பூச வர்றியே, இந்தக் கையாலதானே என் செடிக்கு வெந்நீர் ஊத்தினே?" என்றேன். அவள் புரியாத மாதிரி நின்றாள். அதனால் இன்னும் தெளிவாகச் சொன்னேன். "ஒரு உசிரை வேரோட வேகவெச்ச கையால வயித்துப்பிள்ளைக்காரியைத் தொடாதே துளசி. நல்லதுக்கில்ல."

அவ்வளவுதான். இரண்டே வாக்கியம்.

நீங்களும் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அங்கேயும் எல்லாரும் இப்படித்தான் பார்த்தார்கள். சாபமா கொடுத்தேன்? நீதி சொன்னேன். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்தபடி நிறுத்திவிட்டாள். மேகலா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். துளசிமணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சின்னக் குரலில் ஒன்று சொன்னாள். "அக்கா, அது செத்துப்போகலீங்க்கா. கெழங்கு படுத்திருக்குதுங்க. மழைக்கு எந்திரிக்கும்."

படுத்திருக்கிறதாம். எழுந்திருக்குமாம். என்ன திமிர் பாருங்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. செய்வதையும் செய்துவிட்டுக் கதை சொல்லுகிறாளே என்று. வளையல் டப்பாவோடு திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அந்தச் சின்னக் கதவுக்குப் பலகை வைத்து அறைந்திருந்தது. நாலு ஆணி. அவர்கள் வீட்டில் ஆணியடிக்க ஆள் இருக்கிறது.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை போதுமா?

மூன்று வாரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. எட்டாம் மாதம் தொடங்கின உடனே. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்தாறு நாள். ஊரெல்லாம் என் நாக்குதான் காரணம் என்று பேசினார்கள். நாக்குக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரே ரத்தக்கொதிப்பு என்றுதான் சொன்னாராம். இருந்தாலும் நான் பிளாஸ்கில் கஞ்சி போட்டுக்கொண்டு இவரோடு பஸ் ஏறிப் போனேன். வராந்தா முனையில் துளசிமணி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பிள்ளை இருந்த அறைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். திட்டவில்லை. திட்டினால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சும்மா நின்றாள், கையை விரித்து, கோழி நிற்கிற மாதிரி. இவரை மட்டும் உள்ளே விட்டார்கள். வெளியே வந்தார். எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "சின்னதா இருக்கு" என்றார். திரும்பி வரும்போது மலையேறி முடிகிறவரை கேட்டுக்கொண்டே வந்தேன். யார் ஜாடை, மூக்கு எப்படி, கண் திறந்ததா? "சின்னதா இருக்கு." இந்த மனிதருக்கு வேறு வார்த்தை கிடையாது.

ஏப்ரலில்தான் மேகலாவின் தாய்வீட்டிலிருந்து பிள்ளையை இங்கே கொண்டுவந்தார்கள். இந்த மே கடைசியில் முதல் மழை. மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்க வந்தவள் பார்க்கிறேன், மண்ணைக் கிழித்துக்கொண்டு ஊசி ஊசியாக நிற்கிறது. ஏழு இல்லை. பதினான்கு. குட்டி போட்டிருக்கிறது.

அந்தக் கூடைகளா? நீங்கள் வந்ததிலிருந்து அதையே பார்க்கிறீர்கள். நத்தைக்காகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இங்கே நத்தை ஜாஸ்தி. ஆமாம், பகலிலும்தான். பகலில் அந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் இங்கே எல்லாம் தெரியும்.

சரி, நத்தை இல்லை. போதுமா? அவள் பார்த்துவிட்டு, நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு பார்வை பார்ப்பாள். அதை நான் தாங்கவேண்டுமா? எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள். அவள் புழக்கடையில் வருடா வருடம் சேனை வைக்கிறாள். இலை பழுத்து விழுந்தால் கிழங்கு விளைந்துவிட்டது என்று மண்வெட்டியோடு போவாள், தோண்டியதில் பாதி எனக்குத்தான் வரும். நான் அதைத் தோல் சீவி வாங்கி வறுத்திருக்கிறேன். அது எப்படிப் படுக்கும், எப்போது எழுந்திருக்கும் என்று நான் ஏன் பார்க்கப்போகிறேன்? எங்களுக்கு டாஃபோடில் பூ மீது இங்கிலீஷ் பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். சேனைக்கிழங்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் பொய் சொல்லவில்லை. தெரியாததைச் சொன்னேன். இரண்டும் ஒன்றா?

கடிதம் எழுதினேன். முறையாக, தேதி போட்டு, இடதுபக்கம் இடம் விட்டு. "அன்புள்ள துளசிமணி, வளைகாப்பு அன்று நீ கிழங்கின் தன்மையை இன்னும் சற்றுத் தெளிவாக விளக்கியிருந்தால் இந்த மனஸ்தாபம் ஏற்பட்டிருக்காது." இவர் படித்துப் பார்த்துவிட்டு, "இது மன்னிப்புக் கடிதமா, குற்றப்பத்திரிகையா?" என்றார். கிழித்துப்போட்டேன். இரண்டாவது எழுதினேன், அது இன்னும் நன்றாக இருந்தது, இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதையும் கிழித்தேன். நான்கு கிழித்தாகிவிட்டது.

அந்தப் பிள்ளை அழுவது எனக்குக் கேட்கும். பசிக்கு அழுதால் ஒரு மாதிரி, விட்டு விட்டு. தூக்கத்துக்கு அழுதால் இழுத்துக்கொண்டே போகும். நேற்று மத்தியானம் தூக்கத்துக்குத்தான் அழுதது, வந்திருக்கிற உறவுக்கூட்டத்தில் எவளோ பாலைக் கொடுக்கப் பார்க்கிறாள். இங்கிருந்து கத்திச் சொல்லலாமா என்று பார்த்தேன். முகம்தான் தெரியாது. துளசிமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், முதலில் மதிலோரக் கொடியில் ஒரு போர்வையை விரித்துப் போடுவாள். காயப்போடுகிறாளாம். கொட்டுகிற மழையில் யாராவது போர்வை காயப்போடுவார்களா? பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகப்போகிறது. பால்காரன் பார்த்திருக்கிறான். கேஸ் சிலிண்டர் போடுகிறவன் பார்த்திருக்கிறான், குண்டாக இருக்கிறான் என்று எனக்கு வந்து சொல்லுகிறான். எட்டடி தூரத்தில் இருக்கிற நான் சிலிண்டர்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது.

அதோ, வேன் வந்துவிட்டது. எழுந்திருங்கள், உங்கள் பையை நான் எடுத்துத் தருகிறேன். டம்ளர் கிடக்கட்டும். இங்கே உட்கார்ந்திருந்ததாகச் சொல்லுங்கள், தப்பில்லை. காப்பி கொடுத்தேன் என்றும் சொல்லுங்கள். நான் மன்னிப்புக் கேட்டேன் என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள், நான் கேட்கவில்லை. படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள். நான் வரவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன்.

இறங்கிவிட்டாள். இன்றைக்குக் கொடியில் போர்வை இல்லை, அவசரத்தில் மறந்துவிட்டாள். பிள்ளையைத் தோளில்தான் போட்டிருக்கிறாள். மொட்டைத்தலை தெரிகிறது, சந்தனம் பூசி. காது சிவந்திருக்கிறது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"துளசி. ஏ, துளசி. நீ பேச வேண்டாம். என்னை உள்ள கூப்பிட வேண்டாம். பிள்ளையை அந்தத் தோள்லேர்ந்து இந்தத் தோளுக்கு மாத்திப் போடு. ஒரே தடவை. முகத்தைப் பாத்துக்கறேன்."

"துளசி, மாத்திப் போடேன்."